மொனிட்டர் பழசாகுவது எப்போது?

எங்கட வாசிகசாலையின் பின்னறையில் நாலு மொனிட்டர்கள் கனகாலமாகக் கிடந்தன. ஒரு அலுவலகம் புதுசு வாங்கினபோது பழசை எங்களிடம் தந்துவிட்டது. மூன்று தட்டையானவை. ஒன்று பின்பக்கம் புடைத்த, ரெண்டு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய குழாய் மொனிட்டர். நாலுக்கும் நீலத் தலை வைத்த வயர், அதில் மூன்று வரிசையில் 15 ஊசிகள். எங்களிடம் இருந்த லப்டொப்களில் அதற்கான வாய் இல்லை. எச்டிஎம்ஐ மட்டும்தான் இருந்தது.

சாதாரண தரப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணினி வகுப்பு நடத்துகிறோம். ஒரு சின்னத் திரையைச் சுற்றி எட்டுப் பேர் எட்டிப் பார்ப்பார்கள். பின்வரிசைப் பிள்ளைக்கு முன்னால் இருப்பவரின் தலைதான் தெரியும். அதனால் காசு சேர்த்து, ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் நீலத் தலை உள்ள மலிவான வயர் ஒன்றை வாங்கினோம். முதல் மொனிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்ற பெட்டி மிதந்தது. மற்ற ரெண்டிலும் படம் வரவில்லை. கடையில் போய்க் கேட்டால், “மொனிட்டர்தான் செத்துப்போச்சு தம்பி, எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ” என்றார்கள்.

மூன்றும் ஒரே நாளில் எப்படிச் சாகும்? இந்தக் கேள்வியோடுதான் இந்த வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினோம்.

இன்றைக்கு ‘அடப்டர்’ என்றால் வயரின் நுனியில் தொங்கும் சின்னப் பெட்டி. 1981இல் அது கணினிக்குள் செருகும் ஒரு பெரிய அட்டை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பெர்சனல் கொம்பியூட்டரை வெளியிட்டபோது, திரையில் எதையாவது காட்டும் வசதி தாய்ப்பலகையில் இருக்கவில்லை. அதற்கு ஒரு அட்டையைத் தனியாக வாங்கவேண்டும். ரெண்டு வகை இருந்தன. எம்டிஏ எழுத்து மட்டும் காட்டும்: வரிக்கு 80 எழுத்து, 25 வரி, பச்சை நிறம். அலுவலகக்காரருக்கு அது. சிஜிஏ 16 நிறம் தெரியும் அட்டை. ஆனால் 320க்கு 200 புள்ளிப் படத்தில் ஒரே நேரத்தில் 4 நிறந்தான் காட்டும்.

ரெண்டும் கணினியின் நினைவகத்தில் வெவ்வேறு முகவரிகளில் குடியிருந்தன. அதனால் ஒரே கணினியில் ரெண்டு அட்டையையும் செருகி, ரெண்டு மொனிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். கணக்கு எழுதும் லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இலக்கங்களை ஒரு திரையிலும் வரைபடத்தை மற்றத் திரையிலும் பார்த்தார்கள். நிரல் எழுதுபவர்கள் ஒன்றில் நிரலை ஓடவிட்டு, மற்றதில் பிழை தேடினார்கள். ரெண்டு மொனிட்டர் என்பது இன்றைய ஐடி கம்பனிகளின் ஆடம்பரம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது பெர்சனல் கொம்பியூட்டரின் வயதே உடைய பழக்கம்.

இந்த இடத்தில் வருகிறார் வான் சுவன்னுகுல். தாய்லாந்துக்காரர். தன் முனைவர் பட்ட ஆய்வை ஐபிஎம் கணினியில் தாய்லாந்து எழுத்தில் எழுத விரும்பினார். முடியவில்லை. எம்டிஏ அட்டையில் 256 குறிகள் சில்லுக்குள்ளேயே பதிக்கப்பட்டிருந்தன. அதற்கு வெளியே ஒரு எழுத்தும் திரையில் வராது. சிஜிஏயில் புள்ளி புள்ளியாக எதையும் வரையலாம், ஆனால் மேலும் கீழும் குறி ஏறும் எழுத்துகளுக்கு அந்த 200 வரிப் புள்ளி போதாது. அவர் தானே ஒரு அட்டையைச் செய்தார். 1982இல் வந்த ஹெர்குலிஸ் அட்டை அதுதான். எழுத்து மட்டும் காட்டுவதற்கென்று செய்த அதே பச்சை மொனிட்டரில் 720க்கு 348 புள்ளியில் எதையும் வரைந்து காட்டியது. மொனிட்டரை மாற்றத் தேவையில்லை, அட்டையை மாற்றினால் போதும். பிறகு எத்தனையோ கம்பனிகள் அதைப் பார்த்துச் செய்தன.

நாங்கள் இந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றோம். புள்ளி, கொம்பு, சுழி, விசிறி என்று ஏறி இறங்கும் எங்கட எழுத்துக்கும் அந்த 256 குறிகளுக்குள் இடம் இருக்கவில்லை. 1980களில் தமிழுக்கு மென்பொருள் செய்ய இறங்கியவர்கள் எல்லோரும் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாக வரையவேண்டியிருந்தது. கணினியின் படம் காட்டும் அட்டை வெறும் விளையாட்டுப் பொருளல்ல. யாருடைய எழுத்து திரையில் ஏறும் என்பதை அதுதான் முடிவு செய்தது.

சரி, நீலத் தலைக்கு வருவோம். பழைய அட்டைகள் மொனிட்டருக்கு அனுப்பியது ‘உண்டு, இல்லை’ என்ற கதை மட்டுமே. சிஜிஏயில் சிவப்பு, பச்சை, நீலம், பிரகாசம் என்று நாலு கம்பி. ஒவ்வொன்றும் ஒன்றில் எரியும், இல்லாவிட்டால் அணையும். அதனால் 16 நிறம். 1984இல் வந்த ஈஜிஏயில் ஆறு கம்பி, 64 நிறம். இப்படியே போனால் நிறம் கூடக் கூடக் கம்பியும் கூடும்.

1987இல் ஐபிஎம் பிஎஸ்/2 கணினிகளோடு வந்த விஜிஏ இந்தக் கணக்கை மாற்றியது. நிறத்துக்கு மூன்று கம்பி போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் 0 முதல் 0.7 வோல்ட் வரை மின்னழுத்தம் ஏறி இறங்கும். கூட வோல்ட் வந்தால் கூடப் பிரகாசம். குழாய் மொனிட்டருக்கு இது தாய்ப்பால் மாதிரி. அது அந்த மின்னழுத்தத்தை வைத்தே இலத்திரன் கற்றையைக் கூட்டிக் குறைத்துத் திரையில் கோடு கோடாக வரையும். ஒரு கோடு முடிந்தது, ஒரு படம் முடிந்தது என்று சொல்ல இன்னும் ரெண்டு கம்பி. 640க்கு 480 புள்ளியில் 16 நிறம், 320க்கு 200இல் 256 நிறம், அதுவும் 262,144 நிறங்களிலிருந்து தெரிந்தெடுத்து. பேரையும் பாருங்கள். எம்டிஏ, சிஜிஏ, ஈஜிஏ மூன்றிலும் கடைசி எழுத்து அடப்டரைக் குறிக்கும். விஜிஏயில் அது ‘அரே’. தனி அட்டையாக இல்லாமல், தாய்ப்பலகையிலேயே உட்காரும் ஒரு சில்லாக அது வந்தது.

நீல நிறம் பிறகு வந்தது. 1999ஆம் ஆண்டுக்கான கணினி வழிகாட்டி ஒவ்வொரு வாய்க்கும் ஒரு நிறம் என்று சொன்னபோது விஜிஏக்கு நீலம் கிடைத்தது. மொனிட்டர் தன் பெயரையும் தாங்கும் அளவுகளையும் கணினிக்குச் சொல்லும் முறையும் 1990களில் இதே 15 ஊசிகளுக்குள் சேர்ந்தது.

பிறகு தட்டைத் திரை வந்தது. அதற்குள் கற்றையும் இல்லை, குழாயும் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு இலக்கந்தான் தேவை. கணினிக்குள்ளும் இலக்கம், திரைக்குள்ளும் இலக்கம், நடுவில் மட்டும் ஏன் வோல்ட்? 1999இல் டிவிஐ, 2002இல் எச்டிஎம்ஐ, 2006இல் டிஸ்பிளேபோர்ட் என்று நடுவழியும் இலக்கமானது. டிவிஐயில் ஒரு வகை பழைய வோல்ட் கம்பிகளையும் கூடவே வைத்திருந்தது. அதனால் அதற்கு ஊசிகளை மாற்றிக் கொடுக்கும் ஒரு துண்டு போதும். எச்டிஎம்ஐயில் அந்தக் கம்பிகள் இல்லவே இல்லை.

எங்கட வயர் ஏன் வேலை செய்யவில்லை என்பது இங்கேதான் விளங்கியது. அதில் ஒரு பக்க ஊசியை மறுபக்க ஊசியோடு சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான். இலக்கத்தை வோல்ட்டாக மாற்ற ஒரு சில்லு வேண்டும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் ரெண்டு பேரை ஒரு அறையில் விட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அந்தச் சில்லு உள்ள பெட்டி, எச்டிஎம்ஐ வாயிலிருந்து வரும் 5 வோல்ட்டிலேயே ஓடும். சிலதுக்கு அது போதாது, பக்கத்தில் ஒரு யூஎஸ்பி வயரும் கொழுவவேண்டும். இன்னொன்று, அது ஒருவழிப் பாதை. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏக்குப் போகும் பெட்டியைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது.

2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சம்சுங், எல்ஜி ஆகியவை சேர்ந்து, 2015ஓடு விஜிஏயைக் கைவிடுவதாக அறிவித்தன. தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். ஆனால் அந்த அறிவித்தலால் உலகத்தில் ஒரு மொனிட்டரும் பழுதாகவில்லை. ஒரு பொருள் உடைவதும், அதைக் கொழுவும் வாய் இல்லாமல் போவதும் வேறு வேறு விஷயம். ரெண்டாவதை முதலாவது என்று நம்பித்தான் நாங்களும் நாலையும் குப்பைக்கு அனுப்பப் பார்த்தோம். குழாய் மொனிட்டரின் கண்ணாடியில் ஈயம் இருக்கு. அதை வளவுக்குப் பின்னால் உடைத்துப் போட்டால் யாருடைய மண்ணுக்குள் இறங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இப்படி ஒரு வேலையில் இறங்கப் போகும் தம்பி தங்கைமாருக்கு இன்னும் ரெண்டு விஷயம். ஒரு வயரை ரெண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒரே படத்தை ரெண்டு திரையில் காட்டும். வகுப்புக்கு அது போதும். ஒரு திரையில் பாடம், மற்றதில் வேறு வேலை என்றால் கணினியிலிருந்து ரெண்டு தனி வெளியீடு வேண்டும். விண்டோஸ் 98 காலத்திலிருந்தே மென்பொருளில் அதற்கு வழி இருக்கு. அடுத்தது, பழைய மொனிட்டரில் படம் வராவிட்டால் உடனே தீர்ப்பு எழுதவேண்டாம். கணினியில் திரை அளவை 1024க்கு 768 என்று குறைத்துப் பாருங்கள்.

நாங்கள் திரும்பக் காசு சேர்த்து, சில்லு உள்ள பெட்டி ஒன்றும் விஜிஏ ஸ்பிளிட்டர் ஒன்றும் வாங்கினோம். தட்டையான மூன்றில் ரெண்டு உடனே எழும்பின. ஒன்று உண்மையாகவே செத்துத்தான் இருந்தது, கடைக்காரர் அதில் மட்டும் சரி. கடைசியாகக் குழாய் மொனிட்டரைக் கொழுவினோம். ‘ணங்’ என்று ஒரு சத்தம், பிறகு மெல்ல மெல்ல வெளிச்சம். பின்வரிசையில் இருந்த பிள்ளை எழும்பி வந்து தன் பெயரைத் தமிழில் அடித்தாள். கொம்பும் புள்ளியும் அதனதன் இடத்தில் நின்றன.

“அண்ணா, இது பழசு எண்டு சொன்னீங்கள்?” என்று கேட்டாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமையிலிருந்து அவளுக்கு அந்த மொனிட்டருக்கு முன்னால்தான் இடம்.