ஏழு ஷில்லிங் சாப்பாடு

சேலையூர் கேம்ப் ரோடு பக்கம் இருக்கிற எங்கள் அபார்ட்மென்ட்டில் சமீபத்தில் ஒரு பஞ்சாயத்து. நாட்டாமை நான்!

எதிர் ஃப்ளாட் பையன் ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறான். வீட்டுப் பத்திரத்தை பேங்க்கில் வைத்து வாங்கிய எஜுகேஷன் லோன். அப்பா ரயில்வேயில் ரிடையர் ஆனவர். முப்பது வருஷம் தாம்பரம் - பீச் ரயிலில் சீசன் டிக்கெட்டோடு தொங்கிக்கொண்டு போய்ச் சம்பாதித்த ஃப்ளாட் அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பையனிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. பின்னணியில் ஈஃபில் டவர், முன்னணியில் வாயெல்லாம் பல்லாகப் பிள்ளையாண்டான். அன்றிலிருந்து அப்பா பிள்ளையோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அந்த அம்மா போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நீங்கதான் தம்பி வரவு செலவு பத்தியெல்லாம் பத்திரிகையில எழுதறீங்க. நீங்களே வந்து அவர்கிட்ட சொல்லுங்க. நைட் பஸ்லதான் போனானாம். ஒரே ரூம்ல எட்டுப் பேரு படுக்கிற ஹாஸ்டல்லதான் தங்கினானாம். மூணு நாளும் பிரெட்டும் ஜாமும்தானாம். இவர் என்னடான்னா, கடன் வாங்கிப் படிக்கிறவனுக்கு பாரீஸ் ஒரு கேடாங்கறார்."

நான் பி.காம். டெபிட் எந்தப் பக்கம், கிரெடிட் எந்தப் பக்கம் என்பதைத் தவிர கல்லூரியில் கற்ற வேறெதுவும் ஞாபகமில்லை. ஆனால் இந்தக் கேஸுக்கு ஒரு முன்னுதாரணம் இருப்பது சட்டென்று நினைவுக்கு வந்தது. "சார், இதே மாதிரி கடனை உடனை வாங்கிப் படிக்கப் போன இன்னொரு பையன், இதே பாரீஸுக்கு, இதே டவரைப் பார்க்கப் போயிருக்கான். உங்க பையனாவது பிரம்மச்சாரி. அந்தப் பையனுக்கு ஊர்ல பொண்டாட்டியும் கைக்குழந்தையும்!" என்றேன்.

"வெளங்கிடும்... அவன் எப்படி உருப்பட்டான்?"

"பின்னாடி அவர் படம் நம்ம ரூபாய் நோட்டுல வந்தது சார்!"

விஷயத்துக்கு வருவோம்.

1888-ம் ஆண்டு. மோகன்தாஸ் காந்திக்கு வயது 18. அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. திவான் குடும்பம் என்ற பெயர் மிச்சம், பணம் மிச்சமில்லை. பவநகர் காலேஜில் சேர்ந்து, பாடம் தலைக்குள் ஏறாமல் முதல் டெர்மோடு திரும்பி வந்திருந்தார். குடும்ப நண்பர் மாவ்ஜி தவே, "பையனை லண்டனுக்கு அனுப்புங்கள். மூன்றே வருடத்தில் பாரிஸ்டர். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகாது" என்று யோசனை சொன்னார். அந்தக் காலத்து ஐயாயிரம்! போர்பந்தர் சமஸ்தானத்தை நிர்வகித்து வந்த ஆங்கிலேய அதிகாரியிடம் உதவி கேட்டுப் போனார் மோகன்தாஸ். துரை மாடிப்படி ஏறிக்கொண்டே, முதலில் பி.ஏ. பாஸ் செய்துவிட்டு வா என்று இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார். அடுத்த யோசனை, மனைவி கஸ்தூர்பாயின் நகைகள். விற்றால் இரண்டாயிரம், மூவாயிரம் தேறும். அண்ணன் லட்சுமிதாஸ்தான், 'எப்படியாவது நான் புரட்டுகிறேன்' என்று பொறுப்பை ஏற்றுக்கொண்டார்.

பம்பாய் வந்தால் அங்கே வேறு பூதம். கடல் தாண்டக் கூடாது என்று சாதிப் பஞ்சாயத்து கூடியது. காந்தி மசியவில்லை. உடனே சாதிப்பிரஷ்டம்! அது மட்டுமல்ல... இவனுக்கு உதவுகிறவர்களுக்கும், துறைமுகத்துக்குப் போய் வழியனுப்புகிறவர்களுக்கும் தலைக்கு ஒன்றேகால் ரூபாய் அபராதம். (அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கணக்குக்கு வேண்டியிருக்கிறது.) அண்ணன் பணத்தைக் கொடுத்து வைத்திருந்த மைத்துனர், சாதியை இழக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார். வேறொரு நண்பரிடம் கைமாற்று வாங்கித்தான் காந்தி கப்பல் ஏறினார். தேதி, 4 செப்டம்பர் 1888.

லண்டனில் இறங்கியதும் தங்கியது விக்டோரியா ஹோட்டல். சைவச் சாப்பாடு கிடைக்காமல் அரைப் பட்டினி. ஆனால் பில் மட்டும் மூன்று பவுண்டு. பையனுக்கு மயக்கமே வந்துவிட்டது!

அதோடு உஷாராகிவிட்டார் என்று நினைத்தால் தப்பு. சில மாதங்களில் 'ஜென்டில்மேன்' பைத்தியம் பிடித்தது. நாகரிகத்துக்குப் பேர்போன பாண்ட் ஸ்ட்ரீட்டில் பத்து பவுண்டுக்கு கோட்டு சூட்டு. பத்தொன்பது ஷில்லிங்குக்குத் தொப்பி. டான்ஸ் கிளாஸுக்கு மூன்று பவுண்டு. கால் தாளத்தோடு ஒத்துப்போகவில்லை. காதாவது பழகட்டுமே என்று வயலின் வாங்க இன்னொரு மூன்று பவுண்டு. போதாதென்று அண்ணனுக்குக் கடிதம் எழுதி, இரட்டை வடம் போட்ட தங்கக் கடிகாரச் சங்கிலி வேறு வரவழைத்தார். ஊரில் கடன் வாங்கிக் காசு அனுப்பும் அண்ணன் அதையும் அனுப்பினார் பாருங்கள், அவர்தான் அண்ணன்!

மூன்று மாதத்தில் அந்த மயக்கம் தெளிந்தது. ஆனால் மயக்கத்தில் இருந்தபோதும் அவர் விடாமல் செய்த ஒரு காரியம் உண்டு. கணக்கு எழுதுவது. பஸ் கட்டணம், தபால் தலை, பேப்பருக்குக் கொடுத்த இரண்டு பென்னி... எதையும் விடாமல் எழுதி, தூங்கப் போகுமுன் இருப்பைச் சரிபார்த்து விடுவார். ஃபார்த்திங் என்றால் பென்னியில் கால் பங்கு. அதற்கும் கணக்கு உண்டு. (ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் நானும் டைரியில் வரவு செலவு எழுதுகிறேன். பொங்கலுக்கு மேல் தாண்டியதில்லை.)

கணக்கு கண்ணைத் திறந்தது. செலவைப் பாதியாகக் குறைத்தார். ஒரு குடும்பத்தோடு தங்கி வாராவாரம் பணம் கட்டுவதை விட்டுவிட்டு, தனியாக அறை எடுத்தார். போக வேண்டிய இடத்துக்கு அரை மணியில் நடந்து போகிற மாதிரிப் பார்த்து எடுத்த அறை. பஸ் காசு மிச்சம். தினமும் எட்டு, பத்து மைல் நடை. கிட்டத்தட்ட தாம்பரத்திலிருந்து கிண்டி வரைக்கும் தண்டவாளத்தை ஒட்டியே நடக்கிற தூரம்! பிறகு இரண்டு அறை ஒரே அறையானது. ஒரு ஸ்டவ் வாங்கி, காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோகோவும், ராத்திரி ரொட்டியும் கோகோவும் என்று வாழ ஆரம்பித்தார். மதியம் மட்டும் வெளியே. ஒரு நாள் சாப்பாட்டுச் செலவு, ஒரு ஷில்லிங் மூன்று பென்னி.

இப்படிப்பட்ட ஆசாமி பாரீஸுக்கு ஏன் போனார்?

உலகமே போனது, அதனால்தான்! பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டை ஒட்டி 1889 மே மாதம் தொடங்கி, நவம்பர் முதல் வாரம் வரை அங்கே ஒரு மாபெரும் கண்காட்சி. உள்ளே நுழைந்தவர்கள் கணக்கு மூன்று கோடியைத் தாண்டியது. எடிசனின் பேசும் இயந்திரம், ஜாவா தீவின் நடனக்காரிகள் என்று பார்த்துப் பார்த்து வாய் பிளந்தது கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, நிஜமாகவே மேலே, 300 மீட்டர் உயரத்துக்கு இரும்பிலேயே கட்டிய ஈஃபில் கோபுரம். (காந்தி 'சத்திய சோதனை'யில் கண்காட்சி நடந்தது 1890-ல் என்று எழுதியிருக்கிறார். முப்பத்தைந்து வருடம் கழித்து எழுதும்போது ஒரு வருடம் நழுவிவிட்டது. ஃபார்த்திங் நழுவவில்லை!)

பாரீஸில் ஒரு சைவ உணவு விடுதி இருப்பதாகக் கேள்விப்பட்டு, அங்கேயே அறை எடுத்தார். மாமிசம், மது தொடமாட்டேன் என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்தவருக்கு, தங்கும் இடத்திலேயே சாப்பாட்டுப் பிரச்னையும் தீர்ந்தது. ஏழு நாள். போக வர பயணமும் சிக்கனம், ஊர் சுற்றியதும் சிக்கனம். கையில் ஒரு பாரீஸ் மேப், கண்காட்சிக்கு ஒரு மேப்பும் கைடும். பெரும்பாலும் நடை. இன்றைக்கு முதுகில் பையோடு ஐரோப்பா சுற்றும் பிள்ளைகள் செய்வதும் இதேதானே? மேப் போனுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஈஃபில் கோபுரத்தில் இரண்டு மூன்று தடவை ஏறியிருக்கிறார். அங்கேதான் சறுக்கினார்.

கோபுரத்தின் முதல் தளத்தில் அப்போது நான்கு உணவகங்கள் இருந்தன. பாரீஸ் சீமான்களும் சீமாட்டிகளும் வந்து உட்காரும் இடம். (கோபுரத்தைக் கட்டக் கூடாது என்று கையெழுத்துப் போட்டு எதிர்த்தவர்களில் எழுத்தாளர் மாப்பசானும் ஒருவர். பிறகு அவர் அடிக்கடி அங்கேயே போய்ச் சாப்பிட்டார் என்றும், ஏன் என்று கேட்டதற்கு, பாரீஸிலேயே இந்தக் கோபுரம் கண்ணில் படாத ஒரே இடம் இதுதான் என்றார் என்றும் ஒரு கதை உண்டு.) நம் மோகன்தாஸுக்கும் ஆசை வந்தது. 'அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்' என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமே! அந்த ஒரே திருப்திக்காக மதிய உணவுக்குக் கொடுத்தார் ஏழு ஷில்லிங்.

இப்போது என் பி.காம். மூளையை வேலை செய்ய விடுங்கள். ஏழு ஷில்லிங் என்றால் 84 பென்னி. அவருடைய லண்டன் சிக்கனத்தில் ஒரு நாள் சாப்பாடு 15 பென்னி. ஆக, ஐந்தரை நாள் சாப்பாட்டை ஒரே வேளையில் முடித்துவிட்டார். அன்றைய மாற்று விகிதத்தில் ஏழு ஷில்லிங் சுமாராக ஐந்து ரூபாய். ஒன்றேகால் ரூபாய் வீதம் நான்கு பேர் தைரியமாக அபராதம் கட்டி, பம்பாய் துறைமுகத்துக்கு வந்து அவருக்குக் கையசைத்திருக்கலாம்!

இதில் இன்னொரு கூத்து. அந்த முதல் தளம் இருப்பது வெறும் 57 மீட்டர் உயரத்தில்தான். கிட்டத்தட்ட நம் அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்து மொட்டை மாடி!

இங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அவர் அதை மறைக்கவில்லை என்பது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேல், தேசமே மகாத்மா என்று கும்பிடும்போது, சொந்தப் பத்திரிகையில் வாராவாரம் சுயசரிதை எழுதுகிறார். இருபது வயதில் ஒரு ஹோட்டலில் சாப்பிட்ட பில்லை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனாலும் எழுதினார். ஏழு ஷில்லிங்கைச் 'செலவழித்தேன்' என்றுகூட அல்ல, விட்டெறிந்தேன் என்கிற தோரணையில். அது அண்ணன் புரட்டிய காசு. கணக்கு நோட்டில் சாப்பாடு என்ற தலைப்பில் எழுதினால் அன்றைக்கு இருப்பு சரியாக வந்துவிடும். அவர் மனசுக்குள் இருந்த நோட்டில் அது 35 வருஷமாக டேலி ஆகவே இல்லை போலிருக்கிறது.

கண்காட்சியைப் பற்றி? பெரியது, விதவிதமானது என்பதைத் தவிர ஒன்றும் ஞாபகமில்லை என்று எழுதிவிட்டார். மூன்று கோடிப் பேர் பார்த்த சமாசாரத்துக்கு ஒரு வரி! கோபுரத்தில் கலை என்று எதுவும் இல்லை, அது கண்காட்சியின் பொம்மை என்பது அவர் தீர்ப்பு. டால்ஸ்டாய் அந்தக் கோபுரத்தை மனிதனின் முட்டாள்தனத்துக்கு அடையாளம் என்று திட்டியதையும் துணைக்கு அழைத்துக்கொள்கிறார்.

அவர் மனதில் நின்றது பாரீஸின் பழைய தேவாலயங்கள். ஆடம்பரமும் கேளிக்கையும் தெருவுக்குத் தெரு கொட்டிக் கிடக்கிற ஊரில், உள்ளே காலெடுத்து வைத்ததும் வேறு உலகம். நோத்ர தாமின் கட்டட அமைப்பும் சிற்ப வேலையும் மறக்க முடியாதவை என்கிறார். மாதா சிலை முன்னால் மண்டியிட்டிருந்தவர்களைப் பார்த்து, இவர்கள் வணங்குவது வெறும் சலவைக்கல்லை அல்ல என்று அந்த வைஷ்ணவப் பையனுக்குத் தோன்றியிருக்கிறது. 2019 ஏப்ரலில் தீப்பிடித்து எரிந்ததே, அதே நோத்ர தாம்தான். 2024 டிசம்பரில் திரும்பத் திறந்தார்கள். உள்ளே போக இன்றைக்கும் டிக்கெட் கிடையாது.

1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்காக மறுபடியும் லண்டன் போனார் காந்தி. கப்பலில் உடன் வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து டோஸ் விட்டு, ஏடனிலிருந்தே சிலவற்றைத் திருப்பி அனுப்ப வைத்தார். லண்டனில் பெரிய ஹோட்டல் பக்கமே போகவில்லை, தொழிலாளர்கள் வாழும் கிழக்குப் பகுதியில் கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். திரும்பும்போது பாரீஸிலும் இறங்கி ஒரு கூட்டத்தில் பேசினார். அப்போது உலகமே அவரைப் பார்க்க முண்டியடித்தது. டவரில் சாப்பிட்டால் பில் கேட்டிருக்க மாட்டார்கள்!

நான் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது எதிர் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கி வந்திருந்தார். "டவர் மேல ஏதாச்சும் சாப்பிட்டானான்னு கேளு" என்றார் மனைவியிடம். கேட்டார்கள். ஏறவே இல்லையாம். கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டதோடு சரி. "ஏன்டா, அவ்வளவு தூரம் போயிட்டு ஏறாமலா வந்தே?" என்று போனைப் பிடுங்கி இவரே கத்தினார். பேச்சுவார்த்தை தொடங்கிவிட்டது!

காந்தி கதையில் இன்னும் ஒரு வரவு செலவு பாக்கி இருக்கிறது. 1891 ஜூன் 10-ல் பாரிஸ்டர் ஆனார், 12-ம் தேதி கப்பல் ஏறினார். பம்பாயில் இறங்கிய பிறகுதான் அம்மா இறந்துபோன செய்தியை அண்ணன் சொன்னார். ராஜ்கோட்டில், பாரிஸ்டர் தம்பிக்குத் தக்கபடி வீட்டை அண்ணன் மாற்றி வைத்திருந்தார். பீங்கான் பாத்திரங்கள், டீ, காபி. தம்பி தன் பங்குக்கு இரண்டு ஐட்டங்களைச் சேர்த்தார். ஓட்ஸ் கஞ்சி, கோகோ! லண்டனில் பஞ்சத்துக்குக் குடித்த அதே கஞ்சி, ராஜ்கோட்டில் பட்ஜெட்டைத் தூக்கிச் சாப்பிட்டது. வருமானம் இல்லாத பாரிஸ்டர் வீட்டு வாசலில் வெள்ளை யானையைக் கட்டிவிட்டோம் என்று பின்னாளில் அவரே நொந்துகொண்டார்.

எங்கள் எதிர் வீட்டுப் பையன் லீவுக்கு வரப்போகிறானாம். காலையில் இட்லி வேண்டாம், ஓட்ஸ் போதும் என்று சொல்லியிருக்கிறான். கேம்ப் ரோடு சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டின் விலையைப் பார்த்துவிட்டு, அந்த அம்மா மறுபடியும் என்னைத் தேடி வந்தார்.