காருக்குள் ஒரு திரை: நாற்பது வருடக் கதை

காரில் தொடுதிரை என்பது நேற்று வந்த சமாச்சாரம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை நண்பர்களே, அதற்கு வயது நாற்பது!

1986 மாடல் 'ரிவியரா' காரில் அமெரிக்காவின் ப்யூக் நிறுவனம் தொடுதிரை வைத்தது. பழைய டிவி போல ஒரு குட்டி பிக்சர் டியூப். ரேடியோ, ஏசி எல்லாம் அதற்குள். ப்யூக் வாங்குபவர்களில் வயதானவர்கள் அதிகம். குமிழைக் கையால் தடவியே கண்டுபிடித்துத் திருகலாம்; திரையைப் பார்க்காமல் தொட முடியாது. சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருக்கிறதே என்று புகார்கள் எழுந்தன. 1990 மாடலில் திரை போய், பழையபடி பட்டன்கள் வந்தன.

வயது ஏற ஏற, தூரத்துச் சாலையிலிருந்து பக்கத்துத் திரைக்குக் கண் மாற நேரமாகும். இது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் திரைகள் திரும்பி வந்தன, இன்னும் பெரிதாக!

2019இல் அமெரிக்காவின் ஏஏஏ அறக்கட்டளையும் யூட்டா பல்கலைக்கழகமும் ஓர் ஆய்வை வெளியிட்டன. வழிகாட்டியில் முகவரி இடுவது, ரேடியோ மாற்றுவது போன்ற வேலைகளுக்கு 55–75 வயதுக்காரர்கள், 21–36 வயதினரைவிட சராசரியாக 8 வினாடிக்கு மேல் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள். 60 கி.மீ. வேகத்தில் அதற்குள் கார் 130 மீட்டர் தாண்டியிருக்கும்! இது வயதின் கோளாறு அல்ல, வடிவமைப்பின் கோளாறு என்றது ஏஏஏ.

இப்போது ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர் போன்றவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இருந்தால் மதிப்பெண் தருகிறது. ரிவியரா வாங்கிய பெரியவர்கள் அன்றே சொன்னதைக் கேட்க இத்தனை வருடமா?

நமக்கும் ஒருநாள் அறுபது வயதாகும், மறக்க வேண்டாம்!