அச்சும் மருந்தும்: ஜேம்ஸ் காய்ச்சல் தூளின் வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்முறை மறைக்கப்பட்ட மருந்துகளின் வணிகம் அச்சுத்தொழிலைச் சார்ந்தே வளர்ந்தது. மருத்துவர் இராபர்ட் ஜேம்ஸ் 1747இல் காப்புரிமை பெற்ற காய்ச்சல் தூள் இதற்குத் தக்க சான்றாகும். அவர் பதிவுசெய்த செய்முறைப்படி அத்தூளை ஆக்க இயலவில்லை என்பது சமகாலத்தார் குற்றச்சாட்டு. செய்முறை மறைந்திருக்க, மருந்தின் பெயரோ எங்கும் பரவியது. அதனை விற்றவர் நூல் வெளியீட்டாளர் ஜான் நியூபெரி. செய்தித்தாள் விளம்பரங்களோடு அவர் அமையவில்லை. 1765இல் அவர் வெளியிட்ட சிறுவர் கதையில், இத்தூள் கிடைக்காத ஊரில் காய்ச்சல் கண்டு நாயகியின் தந்தை இறக்கிறார். நியூபெரிக்காக எழுதிவந்த ஆலிவர் கோல்ட்ஸ்மித், 1774இல் மருத்துவ அறிவுரையை மீறி இத்தூளை உட்கொண்டு சில நாள்களில் இறந்தார். 1791இல் ஜார்ஜ் பியர்சனின் பகுப்பாய்வு அதில் ஆன்டிமனி இருந்தமையை உறுதிப்படுத்தியது. ஆய்வு உண்மையை எட்டுமுன்பே விளம்பரம் நம்பிக்கையை விளைவித்துவிட்டது என்பது இதனால் பெறப்படும்.