ஒரே உறையில் இரண்டு கத்தி

1974 ஜூலை 12. லிவர்பூல் நகரமே இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாம் டிவிஷனில் கிடந்த கால்பந்து கிளப்பைத் தூக்கி நிறுத்திய மேனேஜர் பில் ஷாங்க்லி, போதும் என்று ராஜினாமா செய்துவிட்டார்.

அடுத்து யார்? டைரக்டர்கள் கை காட்டியது உள்ளேயே இருந்த பாப் பெய்ஸ்லியை. 1939-ல் ஆட்டக்காரராக வந்தவர். பிறகு வீரர்களின் சுளுக்குக்கு வைத்தியம் பார்த்தார், பயிற்சி கொடுத்தார், ஷாங்க்லிக்கு வலது கை ஆனார். மேடைப் பேச்சு வராது. வேண்டாமே என்று நழுவத்தான் பார்த்தார். விடவில்லை.

ஆச்சு, ஆள் கிடைத்தாயிற்று. சிக்கல் அப்புறம்தான். ஷாங்க்லிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பயிற்சி மைதானத்துக்கு வந்து நின்றார். வீரர்கள் பழக்கதோஷத்தில் அவரையே 'பாஸ்' என்றார்கள். பெய்ஸ்லி பாவம், என்ன செய்வார்? கடைசியில், இனி வரவேண்டாம் என்று அந்தப் பெரிய மனிதரிடம் சொல்லவேண்டியதாயிற்று. அவருக்கு அது ஆறாத ரணம்.

கொடுமைதான். ஆனால் பக்கத்து ஊர்க் கதையைப் பாருங்கள். 1969-ல் மான்செஸ்டர் யுனைடெட்டும் உள்ளூர் ஆளைத்தான் தேர்ந்தெடுத்தது. 31 வயது வில்ஃப் மெக்கின்னஸ். பழைய மேனேஜர் மாட் பஸ்பியோ, ஜெனரல் மேனேஜர் என்ற பெயரில் அங்கேயே இருந்தார். 1970 டிசம்பரில் மெக்கின்னஸின் பதவி போயிற்று. மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தது? பஸ்பியேதான்.

பெய்ஸ்லி? 9 சீசன். 6 லீக் பட்டம், 3 ஐரோப்பியக் கோப்பை.

புதியவரைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான். பழையவரை வழியனுப்புவது மீதி.