பனிச்சப்பாத்து இலேசான வரலாறு

பழைய பனிச்சப்பாத்து ஒன்றை முதன்முதலாகக் காணும் நம்மவர் அதனைப் பூப்பந்து மட்டையென்றே எண்ணக்கூடும். வளைத்த மரச்சட்டம், அதனுள் வலைபோலப் பின்னிய தோல்வார். உடலின் பாரத்தை அகன்ற பரப்பில் பகிர்ந்துவிடுவதால் கால் பனியில் ஆழப் புதைவதில்லை. வட அமெரிக்க ஆதிக்குடிகள் தத்தமது நிலத்துக்கேற்ப இதனை வடிவமைத்தனர். திறந்தவெளியின் ஆழ்பனிக்கு நீண்ட சப்பாத்து. மரங்கள் நெருங்கிய காட்டுக்குக் கரடிப்பாதம் போன்ற குட்டைச் சப்பாத்து.

இதனை விளையாட்டாக்கியவர்கள் மொன்றியல் நகரத்துக் கனவான்கள். 1840இல் கூடி நடக்கத் தொடங்கிய அவர்கள் 1843இல் கழகமொன்றை முறைப்படி அமைத்தனர். நீலக் கம்பளித் தொப்பி அவர்களது அடையாளம். இன்று நம்மவர் பலர் வாழும் அந்நகரின் றோயல் மலையில், தீப்பந்தங்களுடன் இரவில் ஏறினார்கள். ஓட்டப்போட்டிகள் வந்ததும் ஓடுவோர் சப்பாத்தைச் செதுக்கிச் செதுக்கி ஒடுக்கினர். காலிற் கட்டும் பாரம் முதுகிற் சுமக்கும் அதே பாரத்தைவிடப் பன்மடங்கு களைப்பைத் தருமல்லவா? எனவே குறைந்தபட்ச அகலமும் நிறையும் விதிக்கப்பட்டன.

அளவுகோல் சப்பாத்தோடு நிற்கவில்லை. சென். லோறன்ஸ் நதியின் தென்கரையிலுள்ள கானவாக்கேயின் மோகாக் ஓட்டவீரர்கள் பெயர்பெற்றவர்கள். அவர்களுக்கெனத் தனிப்போட்டிகளும் பணப்பரிசும் ஒதுக்கப்பட்டன. பதக்கமும் கிண்ணமும் கனவான்களுக்கு. 1873இல் மொன்றியல் நடையோட்டக் கழகமொன்று, யார் தொழில்முறை சாராத வீரர் என்பதற்கு எழுதிய வரைவிலக்கணத்தில், கூலித்தொழிலாளியையும் 'இந்தியரை'யும் வெளிப்படையாகவே விலக்கியது. ஆதிக்குடிகள் ஆக்கிய சப்பாத்து வேண்டும். அவர்கள் அருகில் ஓடக்கூடாது! எழுத்திலேயே அப்படிப் பதித்துவைக்க அக்காலத்தவர் கூசவில்லை.

1970களில் அலுமினியச் சட்டம் பரவியது. 1977இல் ஐக்கிய அமெரிக்கப் பனிச்சப்பாத்துச் சங்கம் தோன்றியது. 1980களின் பிற்பகுதியில், கொலராடோவின் லெட்வில்லில் பிறந்த ரெட்ஃபெதர் நிறுவனம், வால்பக்கம் கூராக ஒடுங்கிய சப்பாத்தை ஓடுவோருக்கெனவே செய்தது. அகன்ற சப்பாத்துடன் ஓடுபவர் கால்களை அகட்டியே வைக்கவேண்டும். இல்லையேல் ஒன்றையொன்று மிதித்து விழ நேரும். வால் ஒடுங்கியதும் இயல்பான ஓட்டம் கைகூடிற்று.

அச்சங்கத்தின் போட்டிகளில் சப்பாத்தின் பரப்பு 120 சதுர அங்குலத்துக்குக் குறையலாகாது. ஆகவே பந்தயத்துக்கு வாங்குவோர் அந்த எல்லையை ஒட்டிய சிறிய அளவையே நாடுகின்றனர். கால்பிணைப்பும் முக்கியமானது. தாராளமாகச் சுழலும் பிணைப்பில் வால் பனியில் இழுபடும். அது மலையேறுவோருக்கே உகந்தது. இழுவார்ப் பிணைப்போ ஒவ்வோர் அடியிலும் வாலைத் தூக்கிக்கொடுப்பதால் ஓடுவோர் அதனையே விரும்புவர். சிலர் ஓட்டச் சப்பாத்தையே தட்டோடு திருகாணியால் முடுக்கிவிடுவதும் உண்டு. பட்டியும் கொளுவியும் மிச்சமாகும்.

இவையெல்லாம் இறுகிய தடத்துக்குத்தான். புதுப்பனி ஆழமாகக் கிடக்கும் காட்டில் இந்தச் சிறுசப்பாத்து முழங்கால்வரை புதையும். அங்கே அந்தப் பழைய அகன்ற வடிவமே இன்றும் தேவைப்படுகிறது.