சிங்கப்பூர்: நகர அரசின் அரசியல், பொருளாதாரம், அயலுறவு

மலாய்த் தீபகற்பத்தின் தென்முனையை ஒட்டிய தீவு நாடு சிங்கப்பூர். நகரமும் நாடும் அங்கே ஒன்றுதான். பரப்பு ஏறத்தாழ 735 சதுர கிலோமீட்டர். தேனி மாவட்டத்தில் நான்கில் ஒரு பங்கு. அதற்குள் 60 லட்சம் பேர் வாழ்கிறார்கள். மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஆட்சிமொழி.

1819-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே துறைமுகம் அமைத்தது. 1867 வரை நிர்வாகம் பிரிட்டிஷ் இந்தியாவின் கையில் இருந்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்டனர். 1959-ல் உள்நாட்டுத் தன்னாட்சி கிடைத்தது. 1963-ல் மலேசியக் கூட்டமைப்பில் சேர்ந்தது. மலாய்க்காரருக்குத் தனிச் சலுகையா, எல்லா இனத்துக்கும் சம உரிமையா என்ற பூசலும் 1964-ன் இனக்கலவரங்களும் அந்த உறவை இரண்டே ஆண்டில் முறித்தன. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் தனிநாடானது. ஆனால் அதன் தலைவர்கள் நெடுங்காலம் கேட்டுப் போராடியது மலாயாவோடு இணைவதைத்தான். பிரிவை அறிவித்தபோது பிரதமர் லீ குவான் யூ தொலைக்காட்சிக் கேமரா முன் கண்ணீர் விட்டார்.

அரசியல்

ஓரவை நாடாளுமன்றம், வாக்களிப்பது கட்டாயம். 1959 முதல் மக்கள் செயல் கட்சியே ஆள்கிறது. லீ 1990 வரை பிரதமராக இருந்தார். பின்னர் கோ சோக் டோங், லீ சியன் லூங் ஆகியோரும், 2024 மே மாதம் முதல் லாரன்ஸ் வோங்கும் அப்பொறுப்புக்கு வந்தனர். 2025 தேர்தலில் 97 இடங்களில் 87 ஆளுங்கட்சிக்குப் போயின. பாட்டாளிக் கட்சி 10 இடங்களைப் பிடித்தது.

லஞ்சத்துக்கு இடம் கொடாத நிர்வாகத்தையும், மக்களில் முக்கால் பங்கினருக்கு மேல் வீடு தந்த வீட்டு வசதி வாரியத்தையும் (1960) இந்த ஆட்சியின் கணக்கில்தான் வரவு வைக்க வேண்டும். விசாரணையின்றிச் சிறையில் அடைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமும் அதே கணக்கில் சேரும். எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்த சியா தை போ 1966 முதல் 1989 வரை விசாரணை இன்றியே சிறையில் கிடந்தார்; அதன் பிறகும் 1998 வரை கட்டுப்பாடுகள் தொடர்ந்தன. வளர்ச்சிக்காகக் கொடுத்த விலை என்று இதைக் கடந்துபோவது நியாயமாகாது. விடுதலைக்குப் பின் எதிரணிக்கு முதல் இடத்தை வென்று தந்தவர் யாழ்ப்பாணத் தமிழரான ஜே. பி. ஜெயரத்தினம் (ஆன்சன் இடைத்தேர்தல், 1981). அவதூறு வழக்குகள் அவரைக் கடனாளியாக்கின. 1988-ல் வந்த குழுத்தொகுதி முறை, ஒவ்வொரு அணியிலும் சிறுபான்மையினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. பெரிய அணியைத் திரட்ட முடியாத சிறு கட்சிகளுக்கு அதுவே தடையாகவும் ஆனது. மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் குடியரசுத் தலைவர் பதவியை 2023-ல் தர்மன் சண்முகரத்தினம் 70 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்று வென்றார்.

பொருளாதாரம்

அயலார் சரக்கை வாங்கி, தரம் பிரித்து, மறுபடி கப்பலேற்றும் இடைத்தரகு வணிகமே தொடக்கத்தில் பிழைப்பு. சரக்கு ஒரு மலையில் விளைய, விலை வேறு ஊரில் முடிவாவது போடி ஏலக்காய் வியாபாரிகளுக்குப் பழகிய நடைமுறைதான். ஆனால் அது மட்டும் போதாது என்று 1961-ல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸின் யோசனைப்படி ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை எழுந்தது. பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக 1968-ல் அறிவித்தபோது நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆபத்துக்குள்ளானது. கைக்கு வந்த கப்பல் பட்டறையை வணிகப் பட்டறையாக்கி, பன்னாட்டு மின்னணு நிறுவனங்களை அழைத்து அதைச் சமாளித்தார்கள். 2024-ல் துறைமுகம், இருபதடி அளவில் கணக்கிட்டால், 4 கோடிக்கு மேல் கொள்கலன்களைக் கையாண்டது. நாட்டின் வெளிவணிக மதிப்பு உள்நாட்டு உற்பத்தியைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்.

கட்டடமும் கப்பல் பட்டறையும் தமிழ்நாடு, வங்காளதேசம் முதலிய இடங்களிலிருந்து போன ஒப்பந்தத் தொழிலாளர்களை நம்பியே நிற்கின்றன. வேலை அனுமதி முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான். 2020-ல் கொரோனா அவர்களின் நெரிசலான தங்கும் விடுதிகளில்தான் மிகக் கடுமையாகப் பரவியது. ஒரு பணக்கார நாட்டின் கணக்கில் தீராமல் நிற்கும் கடன் இது.

அயலுறவு

இத்துறையைக் கட்டியெழுப்பியவர் வட்டுக்கோட்டையில் பிறந்து மலாயாவில் வளர்ந்த பத்திரிகையாளர் எஸ். ராஜரத்தினம். 1965 முதல் 1980 வரை அயலுறவு அமைச்சர். 1967-ல் பாங்காக்கில் ஆசியான் பிறந்தபோது சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்டவர். எல்லோரோடும் நட்பு, எவரோடும் பகையில்லை என்பது அவர் வகுத்த வழி. பெரியவர் சிறியவர் பாராமல் சட்டம் பொது என்றால்தான் சிறிய நாடு பிழைக்கும். அதனால்தான் 1978-ல் கம்போடியாவுக்குள் நுழைந்த வியட்நாமையும், 1983-ல் கிரெனடாவுக்குள் நுழைந்த அமெரிக்காவையும் சிங்கப்பூர் ஒருசேர எதிர்த்தது. 2022-ல் ரஷ்யா மீது தடை விதித்ததும் இதே காரணத்தால்தான்.

1965 மார்ச்சில் சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்து மூவரைக் கொன்ற இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்களை, அதிபர் சுகார்த்தோ வேண்டியும் கேளாமல் 1968-ல் தூக்கிலிட்டார்கள். ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. 1973-ல் லீ குவான் யூ ஜகார்த்தா சென்று அவ்விருவரின் கல்லறையில் மலர் தூவினார். தீர்ப்பும் மாறவில்லை, பக்கத்து நாட்டின் பகையும் தணிந்தது.

மலேசியாவோடான சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை 2061 வரை எடுக்கலாம். ஆயிரம் காலனுக்கு 3 மலேசிய சென். இந்த விலை காணாது என்கிறது மலேசியா. ஒருதலையாக மாற்ற முடியாது என்கிறது சிங்கப்பூர். 18-ஆம் கால்வாயில் பெரியாற்றுத் தண்ணீர் வருவதைப் பார்த்திருக்கும் தேவாரம், போடி விவசாயிகளுக்கு இந்த வழக்கு புரியாததல்ல: 1886-ன் பெரியாறு ஒப்பந்தம் 999 ஆண்டுக்கு ஏக்கருக்கு 5 ரூபாய் குத்தகை என்றது, 1970-ல் அது 30 ரூபாயாக உயர்ந்தது. ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் பொதுவாக அப்படியொன்று இல்லை என்பதால், சிங்கப்பூர் 1965 பிரிவினை உடன்படிக்கையிலேயே தண்ணீர் உறுதியை எழுதி வாங்கி ஐ.நா.வில் பதிவு செய்தது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ‘நியூவாட்டர்’ 2003 முதல் வழங்கப்படுகிறது, கடல்நீரையும் குடிநீராக்குகிறார்கள். பெட்ரா பிராங்கா பாறைத்தீவு யாருக்கு என்ற தகராறு சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 2008-ல் தீர்ப்பு சிங்கப்பூருக்குச் சாதகமானது. பக்கத்திலிருந்த மிடில் ராக்ஸ் மலேசியாவுக்குப் போனது. 2025 ஜனவரியில் ஜோகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு இரு நாடுகளும் கையெழுத்திட்டன. தண்ணீர் விலை பற்றிய கருத்து வேறுபாடு அதில் தீர்க்கப்படவில்லை.