மருந்து பில்லுக்கு வந்த மரியாதை

புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். கடைக்குப் போய்வந்தால் அப்பா முதலில் கேட்பது, "ஃபக்ச்சூர் எங்கே?" என்றுதான். பில்லைத்தான் அப்படிச் சொல்வார். பிறகு சர்க்கார் உத்தியோகத்திலும் பில்களோடுதான் குடித்தனம். ஓய்வுபெற்று நாகலூர் வந்த பிறகும் அது என்னை விடவில்லை.

2019 ஜூலையில் பக்கத்து வீட்டு அண்ணன் மஞ்சள் பை நிறைய பில் கொண்டுவந்தார். காபி எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதியவர். வயது 78. முந்தைய வருஷம் சேலத்தில் ஆபரேஷன். மருத்துவக் காப்பீடு கிடையாது. டெபாசிட் வட்டிக்கும் சேலத்து வீட்டு வாடகைக்கும் இருபது சதவீத அடுக்கில் வரி கட்டுகிறவர்.

"தம்பி, இதுக்கு வரியில ஏதாச்சும் கழியுமா?"

அந்தக் கேள்விக்கு 32 வருஷச் சரித்திரம் உண்டு. 1986 பட்ஜெட்டில் நிதியமைச்சர் வி.பி.சிங் 80டி பிரிவின்கீழ் மெடிக்ளைம் பிரீமியத்துக்குக் கழிவு தந்தார். உச்சவரம்பு 3,000 ரூபாய். பிரீமியம் கட்டினால் கழிவு. வைத்தியத்துக்கே செலவழித்தால் இல்லை. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு போன்ற சில நோய்களுக்கு மட்டும் பின்னாளில் 80டிடிபி என்று தனிப்பிரிவு வந்தது.

ஆனால் வயதானவர்களுக்குப் பாலிசி கிடைப்பதே கஷ்டம். 2015இல் அருண் ஜெட்லி, காப்பீடு இல்லாத 80 வயதுக்காரர்களின் வைத்தியச் செலவில் 30,000 வரை கழித்துக்கொள்ள வழிசெய்தார். 2018இல் அது 60 வயதுக்கே இறங்கியது. வரம்பும் 50,000 ஆனது. அப்போதுதான் நம் மருந்து பில்லுக்கு மரியாதை வந்தது.

ஒரே நிபந்தனை, ரொக்கமாகக் கொடுத்திருக்கக் கூடாது. அண்ணனின் பில் மொத்தம் 62,000. செக்கில் கொடுத்தது 21,000 மட்டும். வரியில் மிச்சம் 4,368 ரூபாய். இன்னும் 29,000 ரூபாயையும் செக்கில் கொடுத்திருந்தால் மேலும் 6,032 ரூபாய் மிஞ்சியிருக்கும்.

"இருபது வளைவு இறங்கி, நோட்டை எண்ணிக் குடுத்தேனே!" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இந்தக் கழிவு பழைய வரிமுறையில் மட்டும்தான். 2023-24 முதல், நாமாகப் பழையதைக் கேட்காவிட்டால் புதிய முறைதான். இரண்டிலும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆஸ்பத்திரியில் செக்கோ கார்டோ கொடுங்கள். ஃபக்ச்சூரைத் தொலைக்காதீர்கள்.